பதினோரு சரிவுகள்

பெரியப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, அவருடைய பின்னறையைப் பட்டியல் போடும் வேலை லேபிளின் தலையில் விழுந்தது. லேபிள் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பத்து வயதில் சமையலறை டப்பாக்கள் அத்தனைக்கும் சீட்டு ஒட்டியவள், உப்பையும் சர்க்கரையையும் மாற்றி ஒட்டிவிட்டாள். அன்று விருந்தாளிகள் உட்பட எல்லோரும் உப்பு டீ குடித்தார்கள். அன்றைக்கு விழுந்த பெயர், முப்பத்தெட்டு வயதாகி நூலகத்தில் பட்டியல் பிரிவுக்கே தலைமை ஏற்ற பிறகும் போகவில்லை.

பெரியப்பா நில அளவை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்காமல், கண்ணில் பட்டதையெல்லாம் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து வைத்தார். பாலம், தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம், முடிவெட்டும் நண்பரின் வழுக்கைத் தலை, நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் பெரியம்மா. மொத்தம் அறுபத்து மூன்று. ஒரு பொறியியல் கல்லூரி அவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. எண், நீளம், அகலம், உயரம், நிலை, புகைப்படம் என்று ஒழுங்கான பட்டியல் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். லேபிள் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள்.

வந்த நாளிலிருந்து மழை. விட்டு விட்டுப் பெய்தாலாவது பரவாயில்லை; ஒரே சீராக, கோபமில்லாமல், நிறுத்தும் எண்ணமும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் காலையில் மலை வரிசைக்கு வந்தாள். தெருக்கோடியில் எழும் குன்றின் சரிவை மட்டும் பெரியப்பா வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு முறை செய்திருந்தார். எல்லாம் ஒரே அளவுப் பலகை. நிஜத்தில் இரண்டு மீட்டர், இங்கே ஒரு சென்டிமீட்டர். மேலே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மின்கம்பம், நடுவில் புதர் மண்டிய சரிவு, அடிவாரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டடம். அந்தத் தீப்பெட்டி, பெரியப்பாவின் மகனான அண்ணனின் தையல் கூடம்.

"ஒரே மலையை இத்தனை தடவை எதுக்குப் பெரியம்மா செஞ்சாரு?"

பெரியம்மா கதவோரம் நின்றபடியே பதில் சொன்னாள். உள்ளே வருவதில்லை. "என்னைக் கேட்டா? கட்டின பொண்டாட்டியை ஒரு தடவைதான் செஞ்சாரு, அதுவும் குறட்டை விடுறப்ப. மலையை மட்டும் வருஷா வருஷம். நான் உள்ள போனா 'இடிச்சிடாதே'ன்னு ஒரு அதட்டல் வேற. இப்ப நீ இடிச்சாலும் கேக்க ஆளில்லை."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

பதினொன்றும் ஒரே மாதிரி இருந்ததுதான் லேபிளுக்குச் சிக்கல். நீளம் அகலம் எல்லாம் ஒன்றே என்றால் பட்டியலில் எதை வைத்து இனம் பிரிப்பது? பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் காலிப்பர் இருந்தது. பலகையின் முன்விளிம்பிலிருந்து சரிவின் வயிற்றுப் பகுதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தாள். அறுபத்தொரு மில்லிமீட்டர். இரண்டாவது வருடம் அறுபத்தொன்று. மூன்றாவதும் அதே. ஏழு வருடம் மலை இம்மி பிசகவில்லை. மனுஷன் கை இவ்வளவு சுத்தமா என்று வியந்துகொண்டே எட்டாவதை அளந்தாள். அறுபது.

ஒன்பதாவது, ஐம்பத்தெட்டு. பத்தாவது, ஐம்பத்தைந்து. பதினொன்றாவது ஐம்பத்தொன்பது.

பென்சிலைக் கீழே வைத்தாள். வயதானவருக்குக் கை நடுங்கியிருக்கலாம். பிளாஸ்டர் ஈரத்தில் உப்பியிருக்கலாம். அப்படியானால் மற்றதும் தவறியிருக்க வேண்டும். தொட்டியை அளந்தாள். மின்கம்பத்தை அளந்தாள். பதினொரு பலகையிலும் அவை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. வயிறு மட்டும்தான் முன்னால் வந்திருந்தது. ஆறு மில்லிமீட்டரை மனதுக்குள் இருநூறால் பெருக்கிப் பார்த்தாள். ஒரு மீட்டரும் இன்னும் ஒரு சாணும்.

சரி, பதினொன்றாவது ஏன் திரும்பவும் உள்ளே போயிற்று? மலை முன்னால் வரலாம். வந்த மலை பின்னால் போகுமா?

பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். சரிவின் வயிற்றில் மட்டும் மெல்லிய கோடுகள், ஒரே திசையில், நெருக்கமாக. புதர்களுக்காக அவர் கிள்ளி வைத்திருந்த சின்னச் சின்ன மேடுகள் அந்த இடத்தில் இல்லை. அரத்தால் தேய்த்திருக்கிறார். வார்த்து, காய்ந்த பிறகு, உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்.

அளவுக் குறிப்பேடுகள் அலமாரியின் மேல்தட்டில் வருட வாரியாக இருந்தன. கடைசி ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எண்களுக்குக் கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்து. 'மூன்று நாள், மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இதே. மலை நகராது. கண்தான் போய்விட்டது. அளவைக் கருவியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.'

மேலே இருந்த எண்களைப் பலகை அளவுக்கு மாற்றிப் பார்த்தாள். தேய்க்காமல் விட்டிருந்தால் வயிறு ஐம்பத்தொன்றில் நின்றிருக்கும். நிஜத்தில் மலை இரண்டு மீட்டர் முன்னால் வந்திருக்கிறது. அதுவும் போன வருடக் கணக்கு. இந்த மழைக்கு முன்னால்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மூன்றாவது கை மாறி ஒருவர் பேசினார்.

"மலை சரியுதா? போட்டோ இருக்கா?"

"போட்டோ இல்லை சார். மாதிரி இருக்கு. பதினோரு வருஷத்துக்கு."

"மாதிரின்னா?"

"பிளாஸ்டர்ல செஞ்ச மலை."

"பொம்மையாம்மா?"

"அளந்து செஞ்சது சார். அவர் நில அளவை வேலையில இருந்தவர்."

"சரிம்மா, எழுதிக்கிறேன். மழை விடட்டும், திங்கக்கிழமை ஆள் வருவாங்க."

அன்று புதன். லேபிள் போனை வைத்துவிட்டு, பத்தாவது பலகையையும் பதினொன்றாவதையும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றினாள். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, குறிப்பேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். பெரியம்மா பின்னாலிருந்து "குடை, குடை" என்று கத்தியது காதில் விழுந்தது. குடை பிடிக்கக் கை ஏது?

தையல் கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள். மழைச் சத்தத்தை அமுக்கிவிடும் அளவுக்கு எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. பள்ளிச் சீருடைகள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும். அண்ணன் மூன்று நாளாகச் சவரம்கூடச் செய்யவில்லை. வெட்டும் மேசையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தவன், சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"துணி மேல தண்ணி விடாதே. என்ன லேபிள், இங்கேயும் சீட்டு ஒட்ட வந்திட்டியா?"

"அண்ணா, எல்லாரையும் வெளிய அனுப்பு. பின்னாடி இருக்கிற சரிவு இறங்குது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்தினான். அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டான். எண்களைச் சொன்னபோது கையை உயர்த்தி மறித்தான்.

"அப்பாவுக்குக் கடைசி ரெண்டு வருஷமா கண்ணுல புரை. டம்ளரை மேசையில வைக்கிறேன்னு காத்துல வைப்பாரு. அவர் அளந்த அளவை வெச்சு நான் கடையை மூடணுமா? இன்னிக்கு மூடினா வெள்ளிக்கிழமை யார் பதில் சொல்றது?"

"தொட்டி நகரலையே. கம்பம் நகரலையே. கண்ணு மங்கினா எல்லாமேதானே தப்பா வரணும்? வயிறு மட்டும் எப்படித் தப்பாகும்?"

"உனக்குப் புத்தகத்தைப் பத்தித் தெரியும். மலையைப் பத்தி என்ன தெரியும்?"

அக்கம்பக்கத்து எந்திரங்கள் ஓசை குறைந்தன. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். இதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. விரிப்பைப் பிரித்து, இரண்டு பலகைகளையும் சீருடைத் துணியின் மேலேயே வைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, பதினொன்றாவதன் வயிற்றில் கட்டைவிரலை வைத்தாள்.

"தடவிப் பாரு."

தடவினான். துணியின் நெசவை விரலாலேயே சொல்லிவிடுகிற கை அது. இரண்டாம் முறை தடவியபோது விரல் நின்றுவிட்டது.

"அரம் போட்டிருக்காரு," என்றான்.

"சரியா வந்ததைத்தான் தேய்ச்சிருக்காரு. இதைப் படி."

குறிப்பேட்டைப் படித்தான். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிப்பது அவன் கண் போன போக்கில் தெரிந்தது. முகத்தில் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றான், அவளிடம் சொல்வதாக இல்லை. "போன வருஷம் மாடிப்படியில கருவியோட தடுமாறி நின்னாரு. உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, இனிமே இதைத் தொடாதீங்கன்னு சத்தம் போட்டேன். அடுத்த வாரம் கருவியைத் தூக்கி யாருக்கோ கொடுத்திட்டாரு."

இஸ்திரி போடும் அக்கா அந்த நேரம் பார்த்து, நிலைமையைச் சுமுகமாக்குவதாக நினைத்து வாயைத் திறந்தாள். "அப்படியெல்லாம் பயப்பட ஒண்ணுமில்லை தம்பி. பின்னாடி சுவத்துக் குழாய்ல எப்பவும் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குமே, அதுகூடக் காலைல இருந்து நின்னுபோச்சு. வராந்தா நல்லாக் காய்ஞ்சு கிடக்குது."

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு லேபிளைப் பார்த்தான். சரிவின் அடியில் இருந்த தடுப்புச் சுவரில், மலைக்குள் ஊறும் நீர் வடிவதற்கென்று பெரியப்பாவே நின்று பதித்த குழாய் அது. நான்கு நாள் மழையில் பீறிட்டு அடிக்க வேண்டிய குழாய். தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் உள்ளே நிற்கிறது என்று அர்த்தம்.

அவன் நேரே போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தான். இருபதுக்கு மேற்பட்ட எந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன; அதுவரை மறைந்திருந்த மழைச் சத்தம் கூரை முழுக்க இறங்கியது.

"எல்லாரும் வெளிய. முன்வாசல் வழியா மட்டும். பையெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். ஓடாதீங்க, ஆனா நிக்காதீங்க."

எதிர்ச்சாரியில் மூடிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். குன்று தெரிந்தது, எப்போதும்போல் பச்சையாக, ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. துணி வெட்டும் மாஸ்டர் வாய்க்குள் முணுமுணுத்தார். "நல்ல நேரத்துல வேலையைக் கெடுத்தாங்க. பொம்மையைப் பார்த்து மலை விழுதாம்." யாரோ அடக்கமாகச் சிரித்தார்கள். லேபிளுக்கு முகம் சூடேறியது. விழாவிட்டால் மானம் போகும். விழட்டும் என்றும் நினைக்க முடியவில்லை.

சும்மா நிற்பதற்கு ஏதாவது செய்வோம் என்று, அண்ணன் கையோடு எடுத்து வந்திருந்த வருகைப் பதிவேட்டை வாங்கி வாசித்தாள். ஒவ்வொருத்தியும் கை தூக்கினாள். பதினேழாவது வரியில் யாரும் தூக்கவில்லை. இன்னொரு தரம் வாசித்தாள்.

"பட்டன் அக்கா எங்க?"

பட்டன் தைக்கும் அந்தப் பெண் யாரிடமும் அதிகம் பேசாதவள். அவள் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணி ஓரத்துக்கு ஓவர்லாக் போடும் சின்னப்பெண்தான் சொன்னாள்: "கரண்ட் போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போறேன்னு போச்சு."

கழிப்பறை கூடத்தின் பின்மூலையில், தடுப்புச் சுவரை ஒட்டி இருந்தது.

அண்ணன் ஏற்கெனவே தெருவில் பாதி தூரம் போய்விட்டான். தான் எப்போது ஓடத் தொடங்கினோம் என்று லேபிளுக்குப் பிற்பாடு நினைவில்லை. இருட்டிய கூடத்துக்குள் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு போகும்போதே தட்டும் சத்தம் கேட்டது. எந்திர இரைச்சலில் இந்தச் சத்தம் யாருக்குக் கேட்டிருக்கும்?

"தாழ்ப்பாள் திறந்துதான் இருக்கு," கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அழுகையை அடக்கிப் பேசும் குரல். "கதவுதான் வரமாட்டேங்குது. எவ்வளவு நேரமாத் தட்டுறேன்."

அண்ணன் இழுத்தான். கதவு அசையவில்லை. கதவுநிலையின் மேல்கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கதவின் மூலையைக் கவ்விப் பிடித்திருந்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. லேபிள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளவிலிருந்து சிமெண்டுத் தூள் உதிர்ந்தது.

"உள்பக்கமாத் திறக்கிற கதவா வெளிப்பக்கமா?" என்று கேட்டாள்.

"வெளிப்பக்கம். அக்கா, நல்லாத் தள்ளி நில்லுங்க."

அண்ணன், துணி உருளைகளைக் கோக்கும் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து கீழ்க்கீலுக்கு அடியில் கொடுத்து நெம்பினான். குழாய் வழுக்கியது. லேபிளும் கை கொடுத்தாள். இரண்டாவது நெம்பில் கீல் பிய்ந்தது. கதவின் அடிப்பாகம் மட்டும் ஒரு முழம் விலகியது. பட்டன் அக்கா தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்தாள். தோள் வந்தது, இடுப்பு சிக்கியது. அண்ணன் ஒரு கையையும் லேபிள் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். புடவை கிழிய வெளியே வந்து விழுந்தாள்.

"செருப்பு," என்றாள்.

"விடுங்கக்கா."

முன்வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. கனமான வண்டி ஒன்று மிக அருகில் போவதுபோன்ற அதிர்வு. தாழ்வாரத்தில் நின்றவர்கள் யாரும் கூச்சலிடவில்லை. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது, அவ்வளவுதான். லேபிள் திரும்பிப் பார்த்தாள். சரிவின் நடுவில் புதர்கள் நின்ற நிலையிலேயே, வேரும் மண்ணுமாக, அவசரமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் வேகம் பிடித்தது. தடுப்புச் சுவர், புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுவதுபோல் மடங்கியது. கூடத்தின் பின்பாதி இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. கூரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிறீச்சிட்டு நின்றன.

மேலே தண்ணீர்த் தொட்டியும் மின்கம்பமும் அப்படியே இருந்தன.

முதலில் பேசியவர் வெட்டும் மாஸ்டர்தான். "என் கத்தரிக்கோல் உள்ள இருக்கு," என்றார். சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பெரியம்மா குடையோடு வந்து சேர்ந்தாள். செய்தி கேட்டு வந்தவள் இல்லை. லேபிள் நனைந்துகொண்டு போனாளே என்று வந்தவள். மண்மேட்டைப் பார்த்தாள். கைகால் முழுக்கச் சிராய்ப்போடு நின்ற மகனைப் பார்த்தாள். அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

"அம்மா, அப்பா அளந்தது சரியாத்தான் இருந்துச்சும்மா," என்றான் அவன்.

"அதுக்கென்ன இப்ப?" என்றாள் பெரியம்மா. "அந்த மனுஷன் ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம். கண்ணு தெரியலைன்னா நான் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேனா? நாப்பது வருஷம் அவருக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுத்தவ நான்." அவர் இறந்த அன்றும் அழாதவள், தெரு நடுவில் நின்று அப்போது அழுதாள்.

திங்கட்கிழமை வர வேண்டிய ஆட்கள் அன்று மாலையே நான்கு வண்டிகளில் வந்தார்கள். சரிவுக்குக் கீழே இருந்த ஆறு வீடுகளைக் காலி செய்தார்கள். போனில் பேசியவரும் வந்திருந்தார். அந்தப் பொம்மையைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். பெரியப்பாவின் குறிப்பேடுகளையும் மலைப் பலகைகளையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வெட்டும் மேசையில் விட்டு வந்த இரண்டு மட்டும் மண்ணுக்குள்ளேயே போய்விட்டன. கல்லூரிக்கு ஐம்பத்திரண்டுதான் போயிற்று.

அண்ணன் லேபிளுக்கு நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சீருடைகள் ஒன்றரை மாதம் தாமதமாகப் போயின. மூன்று பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஊருக்கு நடுவில், சமதளத்தில் பிடித்த பழைய அச்சகக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த விடுப்பில் வந்தபோது லேபிள் ஒரு தடவை அங்கே போனாள்.

பட்டன் அக்காதான் முதலில் அவளைப் பார்த்தது. முன்பெல்லாம் தலையை மட்டும் ஆட்டுபவள், இப்போது எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தே. கொஞ்சம் என்கூட வா."

கூடத்தின் கோடிக்கு அழைத்துப் போய்க் கழிப்பறை வாசலில் நிறுத்தினாள்.

"இங்கயே நில்லு. நான் வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இரு. இவளுங்களுக்கு விஷயம் தீர்ந்துபோச்சு, நாலு நாளா ஒரே கதையைச் சொல்றாளுங்க."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

"என்ன பேசறதுக்கா?"

"எதையாவது. நீ படிச்சவதானே."

லேபிள் சுவரில் சாய்ந்து நின்று, நூலகத்தில் ஒருவர் இருபத்தாறு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் என்ன இருந்தது என்று உள்ளிருந்து கேள்வி வந்தது.